குடல் கறுத்துவிட்டது என்கிறார்களே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. டோம்பிவிலியில் வீடு, ஃபோர்ட்டில் கணக்குப் பிரிவில் வேலை. காலை 6.30 மணிக்குக் காபியைக் குடித்த கையோடு ரயிலுக்கு ஓடுபவன். டிபன் ஆபீஸ் போய்த்தான். நாலைந்து வருஷமாக மலச்சிக்கல். ராத்திரி சோனாமுகி சூரணம் சாப்பிட்டால்தான் மறுநாள் போகிறது. முன்பு ஒரு ஸ்பூன் போதும். இப்போது இரண்டு வேண்டியிருக்கிறது. வீட்டில் கம்மோடில் அரைமணி நேரம் உட்கார்ந்து முக்கினாலும் முழுசாக இறங்கின திருப்தி இல்லை. ரயிலில் தாணே தாண்டும்போது சில நாள் நன்றாகவே வரும். அங்கே என்ன செய்வது, அடக்கிக்கொள்வேன். இசப்கோல் நாலு நாள் சாப்பிட்டேன், வயிறு உப்பியதுதான் மிச்சம். பிரஷருக்கு அம்லோடிபின் 5, முட்டிவலிக்கு என்று ஒரு வருஷமாகக் கால்சியம் மாத்திரை. போன மாதம் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தார்கள். ரிப்போர்ட்டில் ‘மெலனோசிஸ் கோலை’, ‘ரிடண்டன்ட் சிக்மாய்ட்’ என்று போட்டிருக்கிறது. வருஷக்கணக்காக அழுக்கு படிந்து குடல் கறுத்துவிட்டது, பத்து சிட்டிங் குடல் கழுவினால் சரியாகும் என்று ஒரு நிலையத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா? இது கேன்சராக மாறுமா? இன்னொன்று: என் 9 வயதுப் பையனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. கொடுக்கலாமா?

பதில்: கழுவ வேண்டாம். ‘மெலனோசிஸ் கோலை’ என்பது இந்தக் கறுப்பின் பெயர்தான். அதற்குக் காரணம் அழுக்கு இல்லை; ராத்திரி சாப்பிடும் சூரணம்தான்.

சோனாமுகி என்று அங்கே கடையில் கிடைப்பது நம் ஊர் நிலாவாரை. அதன் இலையிலும் காயிலும் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருட்கள் இருக்கின்றன. இவை சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை அப்படியே போகும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் மருந்தாக வேலை செய்யத் தொடங்கும். அதனால்தான் ராத்திரி சாப்பிட்டால் காலையில் பலன் தெரிகிறது. 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். மருந்து குடல் தசையைத் தூண்டும்போது உள்வரிப் படலத்தின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடியும். மடிந்ததைக் கீழே இருக்கும் துப்புரவுச் செல்கள் விழுங்கும். விழுங்கியது செரித்தபின் மிஞ்சும் லிப்போஃபஸ்சின் என்ற பழுப்பு நிறமி அவற்றுக்குள்ளேயே தங்கிவிடும். மாதக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் கேமராவில் குடல் பழுப்பாக, சில இடங்களில் கன்னங்கரேல் என்று தெரியும். பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். கரியபோளம் என்று விற்கும் உலர்ந்த கற்றாழைப் பாலும் இதையே செய்யும்.

இது புற்றுநோய் இல்லை, புற்றுநோய்க்கு முந்தைய கட்டமும் இல்லை. சூரணத்தை நிறுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் நிறம் பழையபடி ஆகிவிடும். இதில் ஒரு சிறு லாபமும் உண்டு. பாலிப் எனப்படும் சதைவளர்ச்சியில் இந்த நிறமி சேராது. எனவே கறுத்த குடலில் அது வெளிறிப் பளிச்சென்று தெரியும், தவறவிடும் வாய்ப்பு குறைவு. உங்களுக்கு பாலிப் எதுவும் எழுதப்படவில்லை என்றால் நிம்மதியாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். பெருங்குடலின் தொடக்கமான சீகம் வரை கேமரா போனதாகவும், குடல்வால் துவாரமும், சிறுகுடல் வந்து சேரும் இடத்திலுள்ள இலியோசீகல் வால்வும் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். குடல் சுத்தம் ‘போதுமானது’ அல்லது ‘நன்று’ என்றும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்றால், வேறு தொந்தரவு வராதவரை அடுத்த கொலனோஸ்கோபிக்குப் பத்து வருஷம் பொறுக்கலாம்.

அந்த இரண்டு வரிகள் ஏன் முக்கியம் என்பது குடல் போகும் வழி தெரிந்தால் புரியும். மல்லாந்து படுத்துக்கொண்டு கையை வலப்பக்க இடுப்பெலும்பின் உள்ளே, அடிவயிற்றில் வையுங்கள். பெருங்குடல் தொடங்குவது அங்கேதான். அந்த முதல் பைக்குச் சீகம் என்று பெயர். நீளம் சுமார் 6 செ.மீ. இருந்தாலும் அகலம் 7 செ.மீ.க்கு மேல், பெருங்குடலிலேயே அகலமான இடம் அதுதான். குடல்வால் தொங்குவதும் சிறுகுடல் வந்து சேருவதும் இங்கே. கையை அப்படியே மேலே கல்லீரலின் அடி வரை கொண்டுபோனால் அது ஏறுகுடல், சுமார் 15 செ.மீ. அங்கே ஒரு திருப்பம். பிறகு வயிற்றின் குறுக்கே இடப்பக்க விலா எலும்புக்கடியில் மண்ணீரல் வரை போவது குறுக்குக்குடல், சுமார் 45 செ.மீ. நடுவில் இது தொய்ந்து தொங்கும். சிலருக்குத் தொப்புளுக்குக் கீழேகூட இறங்கியிருக்கும். இடப்பக்கத் திருப்பம் வலப்பக்கத்தைவிட உயரமானது, கூர்மையும் அதிகம். வாயு அங்கே சிக்கிக்கொண்டால் இடப்பக்க மார்பில் வலி என்று பயந்து ஈசிஜி எடுக்க ஓடுபவர்கள் உண்டு. ஓடுவது தப்பில்லை, இதயம்தான் முதலில் பார்க்க வேண்டியது. அங்கிருந்து கீழே வருவது இறங்குகுடல், சுமார் 25 செ.மீ. இடப்பக்க இடுப்புக்குள் வந்ததும் நெளிந்து போகும் பகுதிதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் சிக்மாய்ட், சராசரி 40 செ.மீ. அதற்குப் பிறகு 12 முதல் 15 செ.மீ. மலக்குடல், கடைசியாக 4 செ.மீ. அளவில் ஆசனவாய்க் குழாய். எல்லாம் சேர்த்து சுமார் ஒன்றரை மீட்டர். கேமரா சீகம் வரை போனால்தான் முழுப் பெருங்குடலையும் பார்த்ததாகக் கணக்கு.

ஏறுகுடலும் இறங்குகுடலும் முதுகுப்புறச் சுவரோடு ஒட்டியிருக்கும், அசையாது. குறுக்குக்குடலும் சிக்மாய்டும் ஒரு மடிப்புச் சவ்வில் தொங்குவதால் அசையும். சிக்மாய்டின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். வழக்கத்தைவிட நீளமாக, கூடுதல் வளைவோடு இருந்தால் ‘ரிடண்டன்ட்’ என்று எழுதுவார்கள். கேமரா செலுத்தியவருக்கு அன்று கொஞ்சம் சிரமம் இருந்திருக்கும், உங்களுக்கு வயிறு இழுத்துப் பிடித்திருக்கும், அவ்வளவே. நோயின் பெயர் இல்லை, அறுவை தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. நீளமான சிக்மாய்ட் எப்போதாவது தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். வயிறு திடீரென்று, பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கலாக, மத்தளம் மாதிரி உப்பும். மலமும் போகாது, காற்றும் பிரியாது, வலி இருக்கும். அப்போது சூரணமும் வேண்டாம், எனிமாவும் வேண்டாம். நேரே அறுவை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அபூர்வம்தான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

பெருங்குடலின் வெளிச்சுவரில் நீளவாட்டில் மூன்று தசைப்பட்டைகள் ஓடுகின்றன. குடலின் நீளத்தைவிட இவை குட்டை. எனவே நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குவது மாதிரி குடல் சுருங்கி, வரிசையாகச் சிறு சிறு பைகளாக நிற்கும். உள்ளே இருப்பது இந்தப் பைகளில் முன்னும் பின்னும் புரண்டபடி நிதானமாக நகரும். சிறுகுடலை மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்த உணவு இங்கே சராசரி 30 முதல் 40 மணி நேரம் தங்கும். 72 மணி நேரம் வரைகூட இயல்புதான். ஒரு நாளைக்கு மூன்று முறை போவதும் வாரத்துக்கு மூன்று முறை போவதும் மருத்துவக் கணக்கில் சரியே. ‘தினம் காலையில் போகாவிட்டால் உடம்பு கெட்டுப்போகும்’ என்ற பயம்தான் பலரைச் சூரணத்தில் கொண்டுவிடுகிறது.

இவ்வளவு நேரம் எதற்கு என்றால், தண்ணீருக்காக. நாம் உண்பதிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணைய நீர் என்று உடம்பே ஊற்றுவது இன்னும் 6, 7 லிட்டர். பெரும்பங்கைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். பெருங்குடலின் வாசலுக்கு வருவது சுமார் ஒன்றரை லிட்டர். மலத்தோடு வெளியேறுவது 100, 150 மி.லி. மட்டும். பெருங்குடல் சோடியத்தை உள்ளிழுக்க, தண்ணீர் அதன் பின்னால் போகிறது. பதிலுக்குப் பொட்டாசியம் கொஞ்சம் வெளியே போகிறது. பேதி மருந்தை அளவு மீறிச் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்து கால் தளர்வதும் இதயத் துடிப்பு தடுமாறுவதும் இதனால்தான். உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: கடையில் விற்கும் பல சூரணங்களில் இந்துப்பு, கறுப்பு உப்பு சேர்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

செரிக்காத நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுவதும் இங்கேதான். அதில் பியூட்டிரேட் என்ற ஒன்று பெருங்குடல் உள்வரிச் செல்களுக்கு முக்கிய எரிபொருள். உடன் பிறக்கும் வாயுதான் உங்களை உப்ப வைத்தது. ஒரு நாளைக்குப் பத்து இருபது முறை காற்றுப் பிரிவது இயல்பு. ஆபீஸ் ஏசி அறையில் அதை ஒப்புக்கொள்ள ஆள் கிடைக்காது, அவ்வளவுதான்.

இனி ‘வருஷக்கணக்கில் படிந்த அழுக்கு’. குடலின் உள்வரிச் செல்கள் நாலைந்து நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வளர்கின்றன. ஒட்டிக்கொள்ள நிலையான சுவரே இல்லாத இடத்தில் வருஷக்கணக்கில் எது படியும்? கொலனோஸ்கோபிக்கு முன்னால் நீங்கள் குடித்த லிட்டர்கணக்கான கரைசலுக்குப் பிறகு உங்கள் குடல் சுத்தமாக இருந்ததை டாக்டர் கண்ணால் பார்த்தே எழுதியிருப்பார். கழுவும் நிலையங்களில் ‘பாருங்கள், உள்ளேயிருந்து வந்தது’ என்று காட்டும் ரப்பர் மாதிரியான நீளத் துண்டுகள், பல சமயம் அவர்களே குடிக்கக் கொடுத்த இசப்கோலும் களிமண் பொடியும் சேர்ந்து கெட்டியானவை. இந்த பயம் புதிதும் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர், தேங்கிய மலத்தின் நஞ்சு உடம்பில் ஏறுகிறது என்று நம்பி, மலச்சிக்கல்காரர்களுக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அந்தக் கொள்கை பின்னால் கைவிடப்பட்டது. விளம்பரங்களில் மட்டும் இன்னும் ஓடுகிறது. குழாய் வைத்துக் கழுவுவதில் குடல் ஓட்டை விழுந்தவர்கள் உண்டு, உப்புச்சத்து தாறுமாறாகி மயங்கி விழுந்தவர்களும் உண்டு.

உங்கள் பிரச்சினையின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி அது: தாணே தாண்டும்போது வரும், அடக்கிக்கொள்வேன்.

பெருங்குடல் ராத்திரி முழுக்க அடங்கிக் கிடக்கும். கண் விழித்ததும் வேகம் எடுக்கும். வயிற்றுக்குள் ஏதாவது போனதும், அதிலும் கொழுப்பும் கலோரியும் உள்ள உணவு போனதும், குறுக்குக்குடலில் இருந்து ஒரு பெரிய அலை கிளம்பி உள்ளிருப்பதை மொத்தமாகச் சிக்மாய்டுக்கும் மலக்குடலுக்கும் தள்ளும். ஒரு நாளில் இத்தகைய பேரலை சில தடவைதான் வரும். காலையில் வருவதுதான் பலம். காபி சிலருக்குச் சில நிமிடங்களிலேயே இடப்பக்கக் குடலை எழுப்பிவிடும். உங்களுக்கு 6.30க்குக் காபி. அலை வரும்போது நீங்கள் ரயிலில் நிற்கிறீர்கள். லோக்கலில் கழிவறை கிடையாது. கூட்டத்தில் வாசல்வரை நகரவும் வழியில்லை.

மலக்குடல் சாதாரணமாகக் காலியாகத்தான் இருக்கும். மலம் வந்து சுவரை விரிக்கும்போதுதான் ‘வருகிறது’ என்ற உணர்வு. அந்நேரம் நம் கட்டுப்பாட்டில் இல்லாத உள்வளையத் தசை ஒரு கணம் தளர்ந்து கொடுக்கும். வந்திருப்பது காற்றா, நீரா, கெட்டியா என்று ஆசனவாயின் மேல்பகுதி தொட்டுப் பார்க்கும். வெளிவளையத் தசை மட்டும்தான் நம் கையில். அதை இறுக்கிப் பிடித்தால் மலக்குடல் இடம் கொடுத்து விரிந்து சமாதானமாகிவிடும். கொஞ்சம் மலம் சிக்மாய்டுக்கே திரும்பவும் ஏறும். பத்து நிமிஷத்தில் உணர்வு மறையும். ‘அப்பாடா’ என்று தோன்றும். ஆனால் திரும்பிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த வாய்ப்புக்குள் அது உலர்ந்து கட்டியாகும். இதையே வருஷக்கணக்கில் செய்தால் மலக்குடல் பழைய அளவு விரிந்தால் உணர்வே தராது, இன்னும் அதிகம் நிரம்ப வேண்டும். அடக்குவதனால் மேலே இருக்கும் குடலின் வேகமும் குறையும். இதற்கு நடுவில் கால்சியம் மாத்திரை வேறு.

முதலில் அந்த மாத்திரையை முடித்துவிடுவோம். மூட்டுத் தேய்மான வலிக்குக் கால்சியம் மருந்தே இல்லை. எலும்புத் தேய்மானமோ ரத்தத்தில் குறைபாடோ கண்டுபிடித்துக் கொடுக்கப்பட்டதா என்று எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். காரணம் இல்லையென்றால் நிறுத்தச் சொல்லுவார். அம்லோடிபினும் லேசாக மலத்தைக் கட்டும். அதே இனத்தில் வெராபமில் அளவுக்கு மோசமில்லை. அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இப்போது காலைப் பொழுது. நாற்பது நிமிஷம் முன்னதாக எழுந்திருங்கள்; இதைவிட மலிவான மருந்து என்னிடம் இல்லை. 5.30க்கு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர், உடனே காபி, கூடவே திடமாக ஏதாவது. வெறும் பிஸ்கட் போதாது. நேற்றைய சப்பாத்தி ஒன்று நெய் தடவி, அல்லது வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், அல்லது மாவு இருந்தால் ஒரு தோசை. இருபது நிமிஷம் வீட்டுக்குள் நடமாடுங்கள். பிறகு உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் கழிவறைக்குப் போய் உட்காருங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், போன் வெளியே இருக்கட்டும். அரைமணி நேரம் உட்கார்ந்து முக்கினால் மூலத்தின் ரத்தக் குழாய்கள்தான் வீங்கும்.

உட்காரும் விதத்தையும் மாற்ற வேண்டும். ஆசனவாய்க்கு மேலே, மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்து முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஒரு தசைப்பட்டை இருக்கிறது. அது இறுகியிருக்கும்வரை குடல் அங்கே கிட்டத்தட்டச் செங்கோணத்தில் மடிந்திருக்கும். நாம் கசியாமல் இருப்பதே அதனால்தான். குந்தி உட்காரும்போது அந்த மடிப்பு நன்றாக நிமிரும், கம்மோடில் பாதிதான் நிமிரும். எனவே 15, 20 செ.மீ. உயரத்தில் ஒரு மணையோ பிளாஸ்டிக் ஸ்டூலோ காலடியில் போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி, முன்னால் குனிந்து, முழங்கையை முழங்கால்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். முட்டிவலி இருப்பதால் இந்தியன் டாய்லெட்டுக்கு மாற வேண்டாம், இதுவே போதும். மூச்சைப் பிடித்து முக்காதீர்கள். வயிற்றை முன்னால் தள்ளி, இடுப்பு அகலமாகிறது என்று நினைத்து, வாயைத் திறந்தபடி மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே கீழே தள்ளுங்கள். சிலர் முக்கும்போது தெரியாமலேயே ஆசனவாயையும் சேர்த்து இறுக்கிவிடுகிறார்கள், மேலே தள்ளுகிறார்கள், கீழே பூட்டுகிறார்கள். ‘முழுசாக இறங்கவில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகமும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லாம் செய்தும் ரயிலில் வந்தால், ஆபீஸ் போனதும் முதல் வேலை அதுதான். கூச்சம் பார்க்காதீர்கள். டிபன் சாப்பிட்டால் இன்னொரு சின்ன அலை வரும்; அதை விடாதீர்கள்.

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25, 30 கிராம் வேண்டும். இட்லி, வெள்ளைச் சோறு, வடா பாவ் என்று ஓடும் நாளில் பத்தைத் தாண்டுவதே கஷ்டம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. கோதுமை மாவு, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் 10, 11 கிராம். முழுப் பாசிப்பயறில் 17 கிராம் அளவுக்கு இருக்கிறது. இவை சமைக்காத எடைக்கு. நீங்கள் இருக்கும் ஊரில் இது கஷ்டமே இல்லை. ராத்திரிச் சோற்றுக்குப் பதில் இரண்டு சோள பாக்ரியும் (சோள ரொட்டி) ஒரு கிண்ணம் மட்கி உசளும் (முளைகட்டிய நரிப்பயறுக் கறி), சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் விற்கிற கொய்யா ஒன்று விதையோடு, மதியம் ஒரு காய்ப்பொரியல் கூடுதல். கணக்கு சரியாகிவிடும். ஒரேயடியாகக் கூட்டினால் உப்பும்; வாரத்துக்கு 5 கிராம் என்று ஏற்றுங்கள். தண்ணீர் எல்லாம் சேர்த்து 2, இரண்டரை லிட்டர் போதும். அதற்கு மேல் குடம் குடமாகக் குடித்தாலும் மலம் இளகாது, சிறுநீராகத்தான் போகும்.

இசப்கோலை நீங்கள் கைவிட்டது சீக்கிரம். அது பேதி மருந்து இல்லை, வேலை தெரிய இரண்டு மூன்று நாளாகும். உடம்பு பழக இரண்டு வாரமாகும். ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 2 கிராமில் தொடங்குங்கள். 250 மி.லி. தண்ணீரில் கலக்கி, கூழாக விடாமல் உடனே குடித்து, மேலே இன்னொரு அரை டம்ளர். இரண்டு வாரத்தில் 5 கிராமுக்கு வாருங்கள். வாயில் உலரப் போட்டு விழுங்கவே கூடாது. உணவுக்குழாயிலேயே ஊறி அடைத்துக்கொள்ளும். படுக்கும் நேரத்தில் வேண்டாம், வீடு திரும்பியதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சரியாக இருக்கும். பிரஷர் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சூரணத்தைத் திடீரென்று நிறுத்தினால் நாலு நாள் ஒன்றும் போகாது, பயந்துபோய்த் திரும்ப மூன்று ஸ்பூனாக ஆரம்பிப்பீர்கள். எனவே முதல் வாரம் சூரணம் அப்படியே இருக்க, இசப்கோலையும் காலை நேரத்தையும் தொடங்குங்கள். இரண்டாம் வாரம் சூரணம் ஒரு ஸ்பூன். அப்போது பாலிஎத்திலீன் கிளைகால் 3350 பொடி 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில், தினம் ஒரு வேளை சேர்க்கலாம். இது குடலைக் கிள்ளாது, உறிஞ்சப்படாமல் தண்ணீரை மலத்தோடு பிடித்துவைத்திருக்கும், குடலைக் கறுக்க வைக்காது. மூன்றாம் வாரம் சூரணம் ஒன்றுவிட்டு ஒரு நாள், ஐந்தாம் வாரத்தில் இல்லை. பொடியை அதற்குப் பிறகு மலத்தின் பதம் பார்த்துக் குறைக்கலாம். மூன்று நாள் போகாமல் இருந்தால் மட்டும் ஒரு ராத்திரி பைசகோடில் என்ற பேதி மாத்திரை 5 மி.கி. இந்த அட்டவணையைத் தொடங்குமுன் உங்கள் பிரஷர் டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை, டிஎஸ்எச் (தைராய்டுக்கு) ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு மந்தமானாலும் ரத்தத்தில் கால்சியம் ஏறினாலும் குடல் படுத்துவிடும்.

சூரணம் குடல் நரம்பையே செத்துப்போகச் செய்துவிட்டது, இனி தானாகப் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிலாவாரை அந்த அளவுக்கு நிரந்தரச் சேதம் செய்யும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. டோஸ் ஏறியது பழக்கத்தாலும், அடக்குவது தொடர்ந்ததாலும்தான்.

பலனை எண்ணிக்கையால் அளக்காதீர்கள், பதத்தால் அளங்கள். 1997இல் பிரிஸ்டலில் லூயிஸ், ஹீட்டன் இருவரும் வெளியிட்ட ஏழு வகை அட்டவணை இன்றும் எல்லா ஊரிலும் பயன்படுகிறது. முதல் வகை ஆட்டுப் புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர். விரிசல் விட்ட கெட்டி மூன்று, வழவழப்பாக ஒரே நீளமாக வருவது நான்கு. நீங்கள் மூன்றிலும் நான்கிலும் நின்றால், ஒன்றுவிட்டு ஒரு நாள் போனாலும் வெற்றிதான்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும், மலம் இளகிய பிறகும், அடைப்பு மாதிரி தோன்றினால் மேற்கொண்டு மருந்து கூட்ட வேண்டாம். குடல்நோய் நிபுணரிடம் போய் விரல் பரிசோதனையும், ஆசனவாய்த் தசைகளின் அழுத்தத்தை அளக்கும் ஆனோரெக்டல் மேனோமெட்ரியும் கேளுங்கள். கூடவே, 50 மி.லி. நீர் நிரப்பிய பலூனை மலக்குடலில் வைத்து வெளியே தள்ளச் சொல்வார்கள். ஒன்று இரண்டு நிமிஷத்துக்குள் தள்ள முடியாவிட்டால், நான் மேலே சொன்ன ‘கீழே பூட்டும்’ கோளாறாக இருக்கலாம். அதற்குச் சூரணம் எத்தனை ஸ்பூன் போட்டாலும் பயனில்லை. திரையில் தசை அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி இருக்கிறது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல பலன். மும்பையின் பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகள் செய்கிறார்கள்.

கொலனோஸ்கோபி நன்றாக இருந்தது என்பதற்காக இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்: மலத்தில் ரத்தம், தார் மாதிரிக் கறுப்பு, காரணமில்லாத எடைக் குறைவு, ஹீமோகுளோபின் குறைவு. வலப்பக்க அடிவயிற்றில் வலியும் சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் நம் நாட்டில் குடல் காசநோயையும் நினைக்க வேண்டும். சிறுகுடல் பெருங்குடலில் சேரும் அந்த முனைதான் அதற்குப் பிடித்த இடம்.

பையனுக்கு விளக்கெண்ணெய் வேண்டாம். அது சிறுகுடலில் ரிசினோலிக் அமிலமாகப் பிரிந்து குடலை முறுக்கித் தள்ளும்; பூச்சியையும் கொல்லாது, ‘குடல் அழுக்கையும்’ எடுக்காது, பையனுக்கு ஒரு நாள் வயிற்றுவலியும் நீரிழப்பும்தான் மிச்சம். அம்மாவின் கவலை பூச்சிக்காக என்றால் அதற்கு அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை இருக்கிறது, மென்று விழுங்க வேண்டும். தேசியக் குடற்புழு நீக்க நாளில், அதாவது பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில், 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அங்கே கொடுத்தார்களா என்று பள்ளியில் கேட்டுவிட்டு, கொடுத்திருந்தால் வீட்டில் மறுபடி கொடுக்காதீர்கள். பையன் இரண்டு நாளைக்கு ஒருமுறை கட்டியாக, அழுதுகொண்டு போகிறான் என்றால் அது வேறு விஷயம். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்குகிறானா என்று முதலில் கேளுங்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பாலிஎத்திலீன் கிளைகாலை எடைக்கேற்பக் கணக்கிட்டுக் கொடுப்பார். உங்கள் பொட்டலத்திலிருந்து நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.